ஓட்டின் வழியே வந்த கிரகணம்

அக்கா, ஏ அக்கா, கேக்குதா? நாம் இருவரும் மறைத்து வைத்ததை இன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கிரகணத்தன்று உனக்கு ஏழாம் மாதம். காலை வெயிலே உன் மேல் படக்கூடாது என்று அம்மா, சாலைக் கடைத்தெருவில் இருக்கும் நம் வீட்டு ஜன்னலில் அரிசிச் சாக்கைத் தொங்கவிட்டாள். கதவிடுக்கில் பழைய புடவையைச் செருகினாள். துணைக்கு என்னையும் உள்ளே தள்ளிப் பூட்டினாள்.

அறை அவ்வளவு இருட்டாகாமல் இருந்திருந்தால் அது நம் கண்ணில் பட்டிருக்காது. கூரை ஓட்டில் ஒரு சின்னத் துளை. அதன் வழியே வரும் வெளிச்சம் எப்போதும் வட்டமாகத்தான் விழும். அன்று கடித்துவைத்த பப்படம் மாதிரி விழுந்தது. மெல்ல நகர்ந்து உன் வயிற்றின் மேல் ஏறியது. நான் உள்ளங்கையால் அதை மறைத்தேன்.

"கையை எடுடி, பேடித்தொண்டி. எதுக்கு இப்படிப் பயப்படுறே?"

"அக்கா, கிரகணம் உள்ளே வந்துட்டு. பிள்ளைக்கு ஆவாது."

"இது சூரியனோட படமாக்கும். சந்திரன் எவ்வளவு மறைச்சிருக்குன்னு இங்கேயே தெரியுது பாரு. ராக்கெட்டெல்லாம் வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னே, ஆளுக இப்படி இருட்டில உக்காந்துதான் வானத்தைப் படிச்சிருக்காங்க. பத்தாம் கிளாஸ்ல டீச்சர் சொன்னாங்க. நீ எட்டோட நிறுத்திட்டே, அதான் இப்படி முழிக்கிறே."

நான் கையை எடுத்தேன். நீ சிரித்ததில் வயிறு குலுங்கியது. அந்தப் பிறையும் குலுங்கியது. "அம்மாட்ட சொல்லிராதே, கேட்டியா" என்றாய்.

இரண்டு மாதம் கழித்துப் பிரசவத்தில் நீ போய்விட்டாய். ரத்தம் நிற்கவில்லை என்றார் டாக்டர். எனக்கு அது காதில் ஏறவில்லை. கையை எடுத்தது நான்தானே. உன் மகளுக்கு உடம்பு சுட்டால்கூட முதலில் அந்த ஓட்டைத்தான் அண்ணாந்து பார்ப்பேன்.

இன்று காலை அவள் தவழ்ந்துபோய், தரையில் விழுந்த அந்த வட்டத்தைப் பிடிக்கக் கை நீட்டினாள். நான் அலறிக்கொண்டு அவளைத் தூக்கினேன். அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினது நானாக்கும்" என்றாள் அம்மா. "நீ எதுக்குடி பயந்து சாகுறே?"

அம்மா குழந்தையை என்னிடமிருந்து வாங்கி, அந்த வட்டத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டாள். அது குழந்தையின் புறங்கையில் ஏறியது. நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை. உன் மகள் சிரித்தாள், உன்னை மாதிரியே.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. இதைப் படிக்கிறவர்களே, நீங்கள் எல்லோரும் அந்த இருட்டில் பயப்படாமல் சிரித்த என் அக்காவுக்காக உங்கள் சாமியிடம் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.