ஒடித்துப் பார்க்காத டயர்

ஒரு குட்டி ஜீப்புக்கு அளவுக்கு மீறின டயர் போட்டேன். அது பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஓஸை அறுத்தது. ஓட்டினவனுக்கு வேலை போனது. டயர் தொழிலில் தப்பு என்றால் இப்படித்தான். செய்கிறவன் ஒருவன், விழுகிறவன் இன்னொருவன். கடை வைத்து, வந்தவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, பிறகு தூக்கம் கெட்டவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது புரியாது.

புஸ்தகமும் சாம்பலும்

என் கடை காலடிப்பேட்டையில், மெயின் ரோட்டிலேயே. தொண்ணூற்றொன்பது வாக்கில் ஒரு நாள் கான்ட்ராக்டர் சபாபதி வந்து நின்றார். எண்ணூர் பக்கம் அனல் மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் போகிற குழாயை ஓரமாகவே போய்ப் பார்த்து வரும் வேலையை எடுத்திருந்தார். அதற்கென்று நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன ஜீப் ஒன்று. இழுத்து என்ன? அந்த மாதம் மட்டும் மூன்று முறை சாம்பல் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மூன்று முறையும் டிராக்டர் வைத்து எடுத்தார்கள்.

கடையிலேயே பெரிய டயராகப் பார்த்து ஜாண் போட்டு அளந்தார். "இத மாட்டு" என்றார். வண்டிக்கு இருநூற்றைந்துதான் சைஸ். அவர் கை வைத்தது இருநூற்று முப்பத்தைந்தில். கம்பெனி சைஸ் புஸ்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். இவ்வளவு பெரிசு ஏறாது என்றேன். "உன் புஸ்தகம் சாம்பல்ல எறங்கிப் பாத்துகீதா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்தது. மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ரோஷத்தில் செய்த வியாபாரம் எதுவும் உருப்பட்டதில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

டிரைவர் அந்தோணி பின்னால் நின்றான். ராயபுரத்துக்காரன். ஐம்பதை நெருங்குகிற வயது, மூன்று பெண்கள். சபாபதி அவன் பக்கம் திரும்பினார். "டயரு வந்துச்சு. இன்னொரு தபா மாட்டிக்கினு நின்ன, சாவிய என் கையில குட்த்துட்டு பஸ் புட்ச்சி வூட்டுக்குப் போயிகினே இரு."

ராகு காலம்

இந்தப் பக்கத்தில் புது டயர் போட்டால் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி, நேராக ஏற்றி நசுக்கினால் டிரயல் முடிந்தது. நேராக ஏற்றுவது மட்டும்தான். அந்தோணி கோயிலுக்குப் போகிறவனில்லை, மாதாவைக் கும்பிடுகிறவன். அவனும் பழத்தின் மேல் ஏற்றினான். வண்டி ஒட்டகம் மாதிரி உயர்ந்து நின்றது. தெருவே பார்த்தது. எனக்கும் பெருமைதான்.

அப்போது அவன் இறங்கி வந்து மெதுவாகச் சொன்னான். "நைனா, ஒரு சக்கரத்த ஜாக்கில தூக்கிட்டு, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சி, டயரு எங்கனா ஒரசுதான்னு பாத்துரலாமா?" நியாயமான பேச்சு. நான் கேட்டிருக்க வேண்டியதை அவன் கேட்டான். ராகு காலம் பிறக்க ஐந்து நிமிஷம் இருந்தது. சபாபதி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொழிலை எனக்குச் சொல்லித் தராதே, போ" என்றேன்.

சபாபதிக்குச் சந்தோஷம். "அப்டிச் சொல்லு நைனா! பழம் நசுங்கிச்சா? அவ்ளோதான். எடுறா வண்டிய!"

திருட்டுப் பட்டம்

மூன்றாவது வாரம் அந்தோணி தனியாக வந்தான். முகம் கருத்திருந்தது. வண்டி முன்னைவிடப் பெட்ரோல் அதிகம் குடிக்கிறதாம். மீட்டரில் கிலோமீட்டர் குறைவு, டேங்கில் பெட்ரோலும் குறைவு. நடுவில் அந்தோணி உறிஞ்சி விற்கிறான் என்று சபாபதி முடிவு கட்டிவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். டயர் பெரிசானால் ஒரு சுற்றில் போகிற தூரம் கூடும். வண்டி நூறு கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் தொண்ணூறுதான் சொல்லும். இதைச் சபாபதியிடம் போய்ச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். சொன்னால், இது தெரிந்துமா அந்த டயரை மாட்டினாய் என்று கேட்பார். "பார்க்கலாம் போ" என்று அனுப்பினேன்.

போகும்போது சொன்னான். "மாதா சத்தியமா பெட்ரோல்ல கை வெச்சதில்ல நைனா. வண்டிதான் பொய் சொல்லுது, அடி எனக்கு வுழுது."

இரண்டு வார்த்தை

அடுத்த வாரம் ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முன்பக்கம் நசுங்கியிருந்தது. சாம்பல் சேற்றில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க, மறு சக்கரம் மேலே ஏறியிருக்கிறது. அந்தோணி ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வண்டியை வெளியே எடுத்துவிட்டான். ஒடித்தபோது மேலே ஏறின டயர் பிரேக் ஓஸைக் கடித்திருக்கிறது. அவனுக்குத் தெரியாது. கரைச் சரிவில் பிரேக்கை மிதித்தான். பெடல் தரை வரை போனது. கீழே குழாயைத் தாங்குகிற சிமெண்டுக் கட்டையில் மோதித்தான் வண்டி நின்றது. அந்தோணிக்கு முன்பல் இரண்டு போனது.

கடை வாசலில் வைத்துச் சபாபதி கேட்டார். "நீயே சொல்லு நைனா. கோளாறு டயர்லயா, டிரைவர்லயா?"

நான் குனிந்து பார்த்தேன். ஓஸில் உரசின தடம் கறுப்பாக, தெளிவாக இருந்தது. நிமிர்ந்தேன். "டயர் புதுசு" என்றேன். இரண்டே வார்த்தை. இரண்டும் உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. சபாபதி கை நீட்ட, அந்தோணி சாவியைக் கொடுத்தான். வாயில் துணியை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். ஒரு சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை.

"டயரு புதுசுதான் நைனா. நான்தான் பழசாயிட்டேன்."

தொப்பை

ஒர்க்‌ஷாப்பில் ஜீப்பைச் சரி பண்ணினார்கள். டயர் மட்டும் அதேதான். புது டிரைவர் வந்தான். இரண்டாம் நாளே வண்டி சாம்பலில் உட்கார்ந்தது, முன்னைவிட ஆழமாக. எர்ணாவூர் பக்கம் ரோட்டோரம் பஞ்சர் கடை போட்டிருந்த செல்வி என்கிற அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலை அந்தம்மா சபாபதியையும் ஜீப்பையும் கூட்டிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்துவிட்டாள். கையில் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்ட பழைய ஓஸ்.

என் ஜாக்கியையே எடுத்து ஒரு சக்கரத்தைத் தூக்கினாள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாள். டயர் போய்ப் புது ஓஸில் உரசி நின்றது. பழைய ஓஸின் தடத்தை அதன் பக்கத்தில் பிடித்தாள். ஜீப்பிலிருந்து நான் கழற்றிக் கடைக்குப் பின்னால் போட்டிருந்த பழைய டயரை உருட்டி வந்து ஒரு கயிற்றால் சுற்றி அளந்தாள். அதே கயிறு பெரிய டயரைச் சுற்றி எட்டவில்லை. "பெட்ரோல் எங்க போச்சின்னு இப்போ தெர்தா? அந்தாளு திருடல. உன் மீட்டரு திருடிச்சு" என்றாள்.

பழைய டயர்களையே மாட்டச் சொன்னாள். நானே மாட்டினேன். முப்பது பவுண்டு காற்றைப் பதினைந்துக்கு இறக்கினாள். டயர் அகலமாகப் பிதுங்கி உட்கார்ந்தது. பிறகு ராயபுரத்துக்கு ஆள் அனுப்பி அந்தோணியை வரவழைத்து, அவன் கையில் வண்டியைக் கொடுக்கச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் எண்ணூர் போனோம். நாலு முறை மாட்டின அதே சாம்பலில் ஜீப் மெதுவாக, தெப்பம் மாதிரி போய் அந்தக் கரை ஏறியது. ரோட்டுக்கு வந்ததும் திரும்பக் காற்றை அடித்துவிட்டாள். சபாபதி யாரையும் பார்க்காமல், நாளையிலிருந்து வந்துவிடு என்று அந்தோணியிடம் சொன்னார்.

கிளம்பும்போதுதான் அந்தம்மா என் பக்கம் திரும்பினாள். "சாம்பலுக்குப் பெருசு வோணாம் பெரியவரே, தொப்பை போதும். உனுக்குத் தெரியாததுல தப்பில்ல. தெர்ஞ்சிகினு கம்முனு இருந்த பாரு, அதான் கலீஜு."

முப்பது வருஷம் டயர் விற்று நான் சேர்த்தது நல்ல பெயர் என்று நினைத்திருந்தேன். அன்று அந்தோணிக்குத் திரும்பக் கிடைத்த நல்ல பெயரில் எனக்குக் காலணா பங்கில்லை, அது முழுக்கப் பஞ்சர் கடை செல்வி ஒட்டினது.