ரத்தோட்டை ஓர் ஊர்

காலையில் வகுப்பைத் திறந்துகொண்டிருந்தபோது என்னோடு வகுப்பு நடத்திய செல்வராஜின் மனைவி மலர் தொலைபேசியில் அழைத்தார். அவரைப் போலவே இவருக்கும் நான் 'நானா'தான், அண்ணன். "நானா, அவரு போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." மேலே கேட்க எனக்குத் தெம்பில்லை. இந்த வருடம் சாவுச் செய்தி கேட்டே களைத்துப் போனவர்கள் நாம்.

மாத்தளையில் எங்கள் கணினி வகுப்புக்கு வந்துபோன உங்களுக்கு மூலையில் எந்நேரமும் ஓடிய கணினி ஞாபகமிருக்கும். செல்வா யாரையும் அதைத் தொட விடமாட்டார். இணையத்துத் தமிழை ஓயாமல் வாசித்துத் தானாகவே விஷயங்களைக் கற்றுக்கொள்ள அதற்கு நிரல் எழுதியிருந்தார். செய்திகளைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு தளம் சொன்னதை இன்னொன்று மறுத்தது, கணினி குழம்பியது. கடைசியில் மரண அறிவித்தல்களைக் கொடுத்தார். "நானா, இதுல மட்டுந்தான் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுறாங்க" என்றார். 'பிறப்பிடமாகவும்' என்பதற்கு முன்னால் வருவது ஊர் என்று கணினி பிடித்துக்கொண்டது. புது ஊர் அகப்பட்டால் திரையில் கேட்கும். நாங்கள் 'ஆம்' அழுத்தினால் வைத்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்துச் சின்னச் சின்ன ஊரெல்லாம் அதற்கு அத்துப்படி. செல்வா பிறந்த ரத்தோட்டை மட்டும் தெரியாது. இங்கிருந்து இருபது நிமிட பஸ் பயணம்!

"நீங்களே அந்தப் பேர டைப் அடிச்சு உடுங்களேன்" என்றேன்.

"அப்ப அது நாம சொன்னதாயிரும் நானா. அதுவா வாசிச்சுக் கத்துக்கணும். நம்ம தேயிலத் தோட்டத்துல செத்தா யாரு நெட்ல போடுறாங்க? தப்பு மேளம் அடிச்சு, குழியில எறக்கிட்டு வந்துர்றாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குள் இருந்த கோபம் எனக்குத் தெரியாமலில்லை.

வருடத் தொடக்கத்தில், போர் நடந்த வன்னி ஊர்களின் பெயர்கள் வந்தபடியே இருந்தன. இறந்தவர்களின் வயதைப் பார்த்தபடி 'ஆம்' அழுத்திக்கொண்டிருந்தவர் ஒருநாள் கையை எடுத்துவிட்டார். "இத்தன ஊரத் தெரிஞ்சுக்கிட்டு இது என்ன செய்யப் போவுது, நானா?" வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

அடக்கம் முடிந்ததும் மலரிடம் கேட்டுக்கொண்டு இணையத்தில் அறிவித்தலை நான்தான் போட்டேன். எல்லோரும் எழுதுவதைப் போலவே எழுதினேன்: 'ரத்தோட்டையைப் பிறப்பிடமாகவும், மாத்தளையை வதிவிடமாகவும் கொண்ட...'

மறுநாள் காலை திரையில் கேள்வி நின்றது: 'ரத்தோட்டை ஓர் ஊர். சரியா?'

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஆம்' அழுத்தினேன்.

மலர் அந்தக் கணினியை என்னிடமே விட்டிருக்கிறார். செல்வாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதற்கு இப்போது ரத்தோட்டை தெரியும். அவர் சொன்னபடியே, அதுவாக வாசித்துத்தான் கற்றுக்கொண்டது.