ஏழு மணி ஆராதனையின் பட்டியல்

எங்கள் ஆலயத்தில் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை, ஒன்பதரைக்குக் கன்னட ஆராதனை. ஆலயம் இருக்கும் மண்டி மொஹல்லாவில் கடைகளின் ஷட்டர்கள் உயரத் தொடங்கும்போது நாங்கள் முடித்து வெளியே வந்துவிடுவோம். அந்த ஏழு மணி ஆராதனையில் பொது விண்ணப்பங்களை வாசிப்பது என் பொறுப்பு.

விசுவாசத்தில் சிறந்தவள் என்று யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆலய வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. வேண்டுதல் உள்ளவர்கள் அதில் சீட்டு எழுதிப் போடுவார்கள். எனக்கு முன்பு வாசித்தவர் பாதிச் சீட்டுகளைத் தொலைத்துவிடுவார். நான் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன் என்பது போதகருக்குத் தெரியும், என்னிடம் கொடுத்துவிட்டார். முதல் வாரமே கணினியில் அட்டவணை போட்டேன். யாருக்காக, எதற்காக, எப்போது வந்தது, இப்போது என்ன நிலை. வாசிக்கும் தாளைக் கன்னட எழுத்தில் அச்சடித்துக்கொள்வேன். எனக்குத் தமிழ் பேச வரும், ஜெபிக்க வரும். தடுக்காமல் வாசிக்கக் கன்னட எழுத்துதான் வேண்டும். என் கையில் ஒரு சீட்டும் தொலைந்ததில்லை. அதில் எனக்குக் கர்வமே உண்டு.

ஒன்றரை வருடம் போனபின், 'நிலை' என்ற அந்தக் கட்டம்தான் என்னை அசைத்தது. வேலை கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. காய்ச்சல்கள் பெரும்பாலும் குணமாயின. சிறுநீரகங்கள் பெரும்பாலும் குணமாகவில்லை. ஜெபமே செய்யாத என் அலுவலகத் தோழிகளின் வீடுகளிலும் இப்படித்தான் நடந்தது. என் சந்தேகத்துக்குப் பின்னால் துயரக் கதை எதுவும் இல்லை. ஓர் அட்டவணையைக் கவனமாகப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நம்பிக்கை இல்லாமல் மைக் முன்னால் நிற்பது பொய் என்று பட்டது. லெந்து என்ற நோன்பு நாட்கள் முடிவதற்குள் போதகரிடம் சொல்லி விலகுவது என்று முடிவு செய்தேன். அந்த இடத்தை விட்டால், சில மாதங்களில் ஆலயத்தையும் விட்டுவிடுவேன் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஒப்படைக்கும் முன் பட்டியலைச் சுத்தம் செய்தேன். மென்பொருள் பிழை பற்றி வந்து, மூன்று மாதம் அசைவில்லாத புகாரை மூடிவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். அதே விதியில் பதினொரு வேண்டுதல்களை மூடினேன். அந்த ஞாயிறு சீக்கிரமே வாசித்து முடித்து, திருப்தியாக இறங்கினேன்.

வெளியே என் ஸ்கூட்டர் பக்கத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். அடுத்த சந்தில் பள்ளிச் சீருடை தைப்பவர். அவருடைய மகன் ஒரு சண்டைக்குப் பிறகு குண்டலுபேட்டைக்குப் போய்க் கடை வைத்துக்கொண்டார். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆறு வருடமாகத் தாயோடு பேசவில்லை.

"என் பையன் பேசிட்டானாம்மா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. "இல்லையே ஆன்ட்டி, ஏன்?"

"இன்னிக்கு நீ வாசிக்கல. எனக்குப் பண்ணாம உனக்கு போன் பண்ணிட்டானோன்னு கேட்டேன்."

மூன்று மாத விதியை விளக்கினேன். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் என்றேன்.

"நான் உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுக்கலையே கண்ணு."

மன்னிப்புக் கேட்டேன். "போகட்டும் பிடு" என்று கன்னடம் கலந்து சொன்னார். ஆனால் நகரவில்லை. ஸ்கூட்டர் சீட்டின் கிழிசலை ஊசி பிடிக்கும் விரலால் தடவிக்கொண்டே சொன்னார்:

"போதகர் ஐயாகிட்ட சொல்லிடாத. அவனுக்காக நான் ஜெபிக்கறத நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. வாய் வரல. நீங்க எல்லாரும் சேந்து கேக்கறீங்களே, அத நம்பித்தான் வந்து உக்காந்துட்டுப் போறேன்."

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். "எனக்கும் நம்பிக்கை இல்ல ஆன்ட்டி. வாசிக்கறத விட்டுடலாம்னு இருக்கேன்."

அவர் அதிரவில்லை. "விட்டுட்டா யாரு வாசிப்பா? அந்தச் சீட்டு தொலைக்கறவரா?" என்று கேட்டுவிட்டுச் சந்துக்குள் போய்விட்டார்.

விஜயநகரில் இருக்கும் வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது என் தவறு எது என்று புரிந்தது. அலுவலகத்தில் புகார் எழுதியவர் பதிலுக்குக் காத்திருப்பார். இங்கே எழுதியவர்களில் பலர் பதில் வராது என்று தெரிந்தும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருத்திதான் சந்தேகப்படுகிறவள் என்று எண்ணியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆறரைக்கே போய், அங்கி மாட்டிக்கொண்டிருந்த போதகரிடம் என் நிலையை மறைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டால் அவர் வேறொருவரைக் கூப்பிடலாம், அது நியாயம்தான். அவர் இடைக்கச்சையைக் கட்டி முடித்தார்.

"இன்னிக்கு வாசிப்பீங்களா?"

"வாசிப்பேன் ஐயா."

"அப்ப மைக்கைக் கிட்ட வெச்சுக்குங்க. போன வாரம் பின்னால கேக்கலயாம்."

மூடிய பதினொன்றையும் திறந்திருந்தேன். குண்டலுபேட்டை வரியை வாசித்தபோது தலை நிமிர்த்தவில்லை. கடைசியில் நானே எழுதிய ஒரு வரி இருந்தது. என் குரல் நடுங்கவில்லை என்று, அதே ஆராதனைக்கு வரும் என் அம்மா பிறகு சொன்னார்.

"விசுவாசிக்க முடியாமல் இதை வாசிப்பவளுக்காகவும், ஜெபிக்க முடியாமல் இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும்."

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சபை உடனே பதில் சொல்லும். அன்று அந்த வரிக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு பெண்கள் பக்கம், நான்காவது வரிசையிலிருந்து தையல்கார அம்மாவின் குரல் தனியாக எழுந்தது: "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்." அடுத்து என் அம்மா. அதன்பின் மொத்த ஆலயமும், வழக்கத்தைவிடச் சத்தமாக.

அந்த மகன் இன்னும் பேசவில்லை. எனக்கும் எதுவும் தெளிந்துவிடவில்லை. 'நிலை' என்ற கட்டத்தை நான் அழிக்கவும் இல்லை. அதில் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சபையில் நான் யார் என்று கேட்டால், இப்போது தலை நிமிர்ந்து சொல்வேன்: வாசிப்பவள். இதற்கு முன் எதையும் இவ்வளவு பெருமையோடு சொன்னதில்லை.

அந்த வாரம் பெட்டியைத் திறந்தபோது பெயர் எழுதாத ஏழு சீட்டுகள் இருந்தன. நான்கு தமிழில், மூன்று கன்னடத்தில். ஏழு கையெழுத்துகள். கேட்டது ஒன்றுதான்: கடைசி வரியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.