பஸ் ஏற்றிவிட வருபவன்

போன வாரம் என் வண்டியின் செயின் கழன்றுவிட்டது. தெருமுனை மெக்கானிக்கிடம் உருட்டிக்கொண்டு போனேன். வேலை முடித்தவர் கை துடைக்க ஒரு மூட்டையிலிருந்து துணி உருவினார். பனியன் வேஸ்ட். கழுத்து வெட்டிய துண்டும் கை வெட்டிய துண்டுமாக, எங்கள் ஊரிலிருந்து லாரி லாரியாகப் போகிற சரக்கு. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். நான் கை துடைக்காமல் அதை மூக்கில் வைத்து முகர்ந்தேன். மெக்கானிக் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த வாசனையில் எனக்கு ஒரு நாயின் ஞாபகம் வரும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் நல்லூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பீஸில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை. பிறர் குறையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது என் மனைவியின் புகார். கட்டிங் டேபிளிலிருந்து விழும் வேஸ்ட் ஒரு மூலையில் மலையாகக் குவிந்திருக்கும். அதன் மேல் பகல் முழுக்கத் தூங்குவான் சாம்பிள். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் பீஸ் அனுப்பிய அன்று குட்டியாக உள்ளே நுழைந்தவன் என்பதால் அந்தப் பெயர். நாயைப் போய் அவன் இவன் என்கிறானே என்று நினைக்காதீர்கள். அது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் நிறம் வெள்ளை. ஆனால் முழு வெள்ளையாக நாங்கள் பார்த்தது குறைவு. சாயத் தண்ணீர் ஓடுகிற சாக்கடையில் இறங்கி ஏறுவான். கால்கள் ஒரு வாரம் சிவப்பு, மறுவாரம் பச்சை. எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று அவன் காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கோ சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் நடுக்கம். அவன் எழுந்து சோம்பல் முறித்தாலே ஸ்டூலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வேன். டெய்லர் பெண்கள் சிரிப்பார்கள்.

அவனுக்கு உலகத்தில் ஒரே ஆள் முத்துலட்சுமி அக்கா. துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர், ஊர் தேனிப் பக்கம். கணவர் இறந்துவிட்டார். மகளை ஊரில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் மகள் முகத்தைப் பார்ப்பது. மத்தியானம் டிபன் பாக்ஸ் மூடியில் சாம்பிளுக்கு ஒரு பங்கு உண்டு. சாயங்காலம் மிஷின் சத்தம் அடங்கியதும் அவன் குவியலிலிருந்து இறங்கி, அக்காவுக்கு முன்னால் நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போவான். டவுன் பஸ் வந்து, அக்கா ஏறி, பஸ் நகரும் வரை நிற்பான். பிறகுதான் திரும்புவான். ஒருமுறை குடித்துவிட்டு வந்த ஒருவன் ஸ்டாப்பில் அக்காவின் கையைப் பிடிக்கப் போனான். அடுத்த நொடி அந்த ஆளின் வேட்டி சாம்பிளின் வாயில் இருந்தது. அந்த ஆள் எறிந்த கல்லில் சாம்பிளுக்குக் கால் நன்றாக அடிபட்டுவிட்டது. மறுநாளும் நொண்டிக்கொண்டே வந்தான்.

தீபாவளிக்கு முன் போனஸ் கொடுக்கிற நாள் எங்கள் ஊரில் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? மத்தியானத்தோடு மிஷின் நிற்கும். கிடக்கிற வேஸ்ட்டை எல்லாம் அள்ளிப் பின்னாலிருக்கும் தகர ரூமில் கொட்டிப் பூட்டுவார்கள். ஸ்வீட் பாக்ஸ் கைக்கு வந்ததும் பெட்டியும் பையுமாக ஆளாளுக்கு ஓட்டம். பிறகு பத்து நாளைக்கு அந்தப் பக்கம் ஈ காக்கா வராது. நான் சொல்ல வந்த அந்த வருடமும் அப்படித்தான் நடந்தது.

நான் உள்ளூர்க்காரன், ஒரு டவுன் பஸ் பிடித்தால் வீடு, அவசரம் இல்லை. ஸ்டாப்புக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வந்த டவுன் பஸ்ஸிலிருந்து முத்துலட்சுமி அக்கா பெட்டியோடு இறங்கினார்.

"என்னங்க அக்கா, தேனி பஸ் கெடைக்கலீங்களா?"

"சீட்டே கெடச்சு உக்காந்துட்டேன் தம்பி. மனசு கேக்கல. சாம்பிளு இன்னைக்கு என்னைய ஏத்திவிட வரல."

"பட்டாசுக்குப் பயந்துட்டு எங்காச்சும் ஓடியிருக்குமுங்க."

"காலு அடிபட்டப்பவே வந்தவன்யா அவன். உள்ள வச்சுப் பூட்டிட்டாக போலருக்கு."

தீபாவளிக் கூட்டத்தில் கிடைத்த சீட்டை விட்டுவிட்டு ஒருவர் இறங்குகிறார் என்றால் என்ன சொல்வது? மகளுக்கு எடுத்த பாவாடை சட்டை கைப்பையில் இருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏற முடியுமா என்பதே நிச்சயமில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. பின்சந்துக்குப் போய்த் தகரத்தைத் தட்டிக் கூப்பிட்டோம். சத்தமே இல்லை. "போலாமுங்க அக்கா" என்றேன். அவர் தகரத்தில் காதை வைத்தபடி நின்றார். தெருவில் சரவெடி ஓய்ந்ததும் உள்ளே நகம் பிறாண்டுவது கேட்டது.

டீக்கடைக்காரரின் மொபெட்டை வாங்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் பறந்தேன். அவர் குடும்பத்தோடு மாமனார் ஊருக்குக் கிளம்பி, காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, ஒரு நாய்க்கோசரமா சாவி கேக்கறே?"

"முத்துலட்சுமி அக்கா பஸ்ஸ உட்டுப்போட்டு வந்து நிக்கறாங்கண்ணா."

அவர் பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். காரிலிருந்து இறங்கி என் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

கதவைத் திறந்ததும் உடம்பெல்லாம் நூல் ஒட்ட வெளியே வந்தான் சாம்பிள். வெடிக்குப் பயந்து வேஸ்ட்டுக்குள் புதைந்து கிடந்தவனைப் பார்க்காமல் பூட்டியிருக்கிறார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டார். "கத்தித் தொலைக்க மாட்டியாடா?" என்று திட்டினார். நாங்கள் வைத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். உடம்பை ஒரு உதறு உதறினான். பிறகு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்திலிருந்து வெளியேறி, பட்டாசுப் புகைக்குள் வால் ஒடுங்க நடந்தான். நேராக பஸ் ஸ்டாப்.

"பாத்தியா தம்பி, ஊருக்குப் போகச் சொல்றான்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

முதலாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டார். டவுன் பஸ் வந்தது. அது நகரும் வரை வெடிச் சத்தத்தில் நடுங்கிக்கொண்டே நின்றான் சாம்பிள். அன்றுதான் முதல்முறையாக அவன் தலையைத் தொட்டேன். பட்டுப்போல் இருக்கும் என்று நினைத்தேன், சொரசொரவென்று இருந்தது.

"திண்டுக்கல் வரைக்கும் நின்னுக்கிட்டே போனேன்" என்று திரும்பி வந்த அக்கா சொன்னார். "விடியுறதுக்குள்ள மககிட்ட போயிட்டேன்ல!"

சில வருடங்கள் கழித்து ஆர்டர் வற்றி, கம்பெனி ஆட்டம் கண்டது. அக்கா மகளோடு இருக்க ஊருக்கே போய்விட்டார். அன்றும் சாம்பிள் ஏற்றிவிட்டு வந்தான். இனி தினமும் ஸ்டாப்பில் காத்துக்கிடப்பானோ என்று நான் பயந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் டிபன் பாக்ஸை எடுத்ததும் குவியலிலிருந்து இறங்கி எனக்கு முன்னால் நடந்தான். கம்பெனியை மூடுகிற வரைக்கும் என்னை ஏற்றிவிட்டான். அதன்பிறகு அவன் அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் டைல்ஸ் கடை இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் வேன் தொழிலாளர் ஹாஸ்டல் வாசலிலேயே ஆட்களை ஏற்றி, கம்பெனி கேட்டுக்குள்தான் இறக்கிவிடுகிறது. அந்த ஸ்டாப்புக்கு நடந்து வருகிறவர்களே குறைவு. வண்டியில் அதைக் கடக்கும்போது லேசாகக் கையை ஆட்டுவேன். யாருக்கு என்று பின்னால் இருக்கும் மனைவி கேட்பாள். தெரிந்தவர் ஒருவர் என்பேன். அவளும் திரும்பிப் பார்ப்பாள், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.