அறுத்த தாரும் மூச்சு விடும்

அறுத்த பிறகும் வாழைத்தார் உயிரோடுதான் இருக்கிறது என்று தெரியாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவன் கடைசிவரை அழுகல்தான் அள்ளுவான். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைக்காயை அறைக்குள் அடைத்து, வைக்கோல் புகை போட்டுப் பழுக்க வைக்கிறவன் நான். மூட்டம் போடுவது என்போம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. என்னைப் போலக் காயோடு மல்லுக்கட்டி நொந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் பழத்தைத் தின்றுவிட்டுப் போகலாம்.

தீக்குச்சி அணைந்தது

மூட்டம் பிரிக்கும்போது கதவைத் திறந்துவிட்டு வெளியே நிற்க வேண்டும். காற்று உள்ளே போன பிறகுதான் ஆள் போகலாம். ஆழ்வார்திருநகரி வியாபாரி ஒருவருக்குக் கல்யாண வீட்டு அவசரம். நான் தடுப்பதற்குள் நுழைந்துவிட்டார். இருட்டில் தீக்குச்சியைக் கிழித்தார், பற்றியதும் அணைந்தது. இன்னொன்றும் அப்படியே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

பேயும் இல்லை பிசாசும் இல்லை, காயும் நம்மைப் போல மூச்சு விடுகிறது, அடைத்த அறையில் இருந்த நல்ல காற்றைப் புகைச்சட்டி பாதி, காய் பாதியாக எடுத்துக்கொண்டன என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: “அண்ணாச்சி, நீங்க காய விக்கியளா, இல்ல ஆளத் திங்குற பிராணிய வளக்கியளா?”

தாருக்குக் காய்ச்சல்

எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருக்கும் சுப்பையா ஒரு நாள் பழம் வாங்க வந்து, நெருக்கி அடுக்கியிருந்த தார்களுக்கு நடுவே கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவ்வளவு சூடு. அது என் தீயின் சூடு இல்லை. சட்டி ஆறிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. காய் தனக்குள் இருப்பதைத் தானே எரிக்கிறபோது வருகிற சூடு அது. இதை நான் விளக்கிச் சொன்னேன். சுப்பையா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “காய்ச்சல்தான்வே. ஒரு சுக்குக் கசாயம் போட்டுக் கொண்டாரட்டா?”

இலை விற்ற தம்பி

என் தம்பி செல்லையா ஆற்றங்கரையில் கதலி போட்டிருக்கிறான். என் அறையில் கதவோரக் கொக்கி அவன் தாருக்கு. எந்த மூட்டமானாலும் முதலில் அதை மாட்டிவிட்டுத்தான் மற்றது. ஓர் ஆவணி முகூர்த்தத்தில் இலைக்குக் கிராக்கி. குலை தள்ளி நின்ற வாழைகளில் இவன் உச்சி இலை ஒன்றை விட்டுவிட்டு மீதி இலையெல்லாம் அறுத்துக் கொடுத்தான். வேண்டாம்லே, காய் திரளாது என்றேன். கேட்கவில்லை.

தார் வந்தது, முருங்கைக்காய்க் கட்டு மாதிரி. மூட்டம் போட்டேன். தோல் மஞ்சளானது, உள்ளே இனிப்பு இல்லை. அதற்குச் சந்தையில் நாலு பேர் முன்னால் அவன் சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை: “காயில ஒரு குறையும் இல்ல. எங்கண்ணனுக்குத்தான் மூட்டம் மறந்து போச்சு.”

கதவோரக் கொக்கி

அன்றோடு பேச்சு நின்றது. அவன் தார் வேறு ஆள் அறைக்குப் போகிறது. அந்தக் கொக்கியில் நான் எவன் தாரையும் மாட்டுவதில்லை. கேட்டால், காற்றோட்டத்துக்கு என்பேன். வாசலில் லோடு ஆட்டோ சத்தம் கேட்டால் மட்டும் இன்னமும் எட்டிப் பார்த்துவிடுகிறேன்.

தம்பி மகள் பாளையங்கோட்டையில் உயிரியல் டீச்சர். லீவுக்கு வந்தால் என்னையும் பார்க்க வருவாள். அவளிடம் இலைக் கதையை மறுபடியும் ஆரம்பித்தேன். நான் சொன்னது சரிதான் என்றாள். இலை வெயிலை வைத்து, தண்ணீரையும் நாம் விடுகிற கெட்ட காற்றையும் சேர்த்துச் சர்க்கரை செய்கிறதாம்; நல்ல காற்றை வெளியே விடுகிறதாம். காயோ அந்தச் சர்க்கரையை அந்த நல்ல காற்றில் எரித்து உயிர் வாழ்கிறதாம். எரித்து மிஞ்சுவது மறுபடியும் தண்ணீரும் கெட்ட காற்றும். இலைக்கு வேண்டியதும் அதுதான். இலையை அறுத்தால் காய்க்குச் சேருவது குறையும். தாரையே அறுத்துவிட்டால் சேருவது நின்றுவிடும். முன்பு இலை கொடுத்ததை எரித்துக்கொண்டே நாளைக் கழிக்க வேண்டியதுதான்.

அப்படியானால் தப்பு உங்கப்பன் மேல்தானே என்றேன். அவள் கதவோரம் பார்த்தாள். “அது சரி பெரியப்பா. காத்தோட்டத்துக்கு விட்ட கொக்கிய எதுக்கு எண்ணெய் போட்டுத் தொடச்சு வச்சிருக்கிய?”

வந்த தார்

இந்தத் தை மாதம் அவள் லோடு ஆட்டோவில் ஒரு கதலித் தார் கொண்டுவந்து இறக்கினாள். ஒவ்வொரு காயும் உருண்டு திரண்டு இருந்தது. இது தள்ளிய வாழையின் ஓர் இலையில்கூட அரிவாள் படவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கதவோரக் கொக்கியில் மாட்டினேன்.

மூட்டம் பிரிக்கிற காலையில் சுப்பையா கடையில் தம்பி நின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பார்க்காதவன் போலப் பூட்டைத் திறந்தேன். என் காதில் விழ வேண்டும் என்றே சுப்பையாவிடம் சத்தமாகச் சொன்னான்: “கதவத் தொறந்து போட்டுட்டுப் பைய உள்ள போவச் சொல்லும் அவர. வயசான காலத்துல மூச்சு முட்டிரப் போவுது.”

காலமெல்லாம் மூட்டம் போட்டவனுக்கே பாடம் சொல்லுகிறானே என்று பழைய கோபத்தோடு புதுக் கோபமும் சேர்ந்துகொண்டது என்றாலும், அறைக்குக் காற்று போதவில்லை என்று சொல்லிக்கொண்டு அன்றைக்கு வெயில் ஏறும்வரை எதிர்ச்சாரியைப் பார்த்தபடி நான் வெளியேதான் நின்றேன்.