ஏப்ரலில் ஒழுகாத கூரை

சட்டமன்றக் குழுக்களுக்குக் குறிப்பெடுப்பது என் உத்தியோகம். தினமும் குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் கோட்டைக்குப் போவேன். சபையில் நடக்கும் வாக்குவாதங்களைத்தான் பத்திரிகைகள் போடும். ஏழைக் குழந்தைகளின் திட்டத்துக்கு எவ்வளவு பணம் என்பதோ அதற்கு வெகு முன்பே, பக்கோடாத் தட்டைச் சுற்றி உட்கார்ந்த ஒரு துணைக் குழுவில் முடிவாகியிருக்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம், அங்கன்வாடிகளுக்குச் சொந்தக் கட்டடம் கட்டப் பரிந்துரைக்கலாமா என்று அப்படியொரு துணைக் குழு கூடியது. நேரில் பார்க்கக் கீழ்க்கட்டளை மையத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஒரு வாடகை அறை. மழை வந்தால் கூரை ஒழுகும். குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலைக்குப் போன அம்மாக்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். அந்த மையத்தின் டீச்சர் மனுமேல் மனு போட்டிருந்தார்.

ஏப்ரலில் குழு வருவதற்கு முந்தின நாள் ஏற்பாடுகளைப் பார்க்கப் போனேன். கல்யாண மண்டபத்து மின்விசிறிகள் வந்து இறங்கியிருந்தன. கூரை ஓட்டைகள் தெரியாதபடி பந்தல்காரர் ரோஜா நிறத் துணி கட்டிக்கொண்டிருந்தார்.

மையத்தின் ஆயா இடுப்பில் கைவைத்து நின்றார். "இன்னா சார், ஓட்டையக் காட்டினாத்தான கட்டடம் குடுப்பாங்க? நீங்க மூடிகினு கீறீங்க!"

"சும்மா இரும்மா. ஓட்டையப் பாத்தா இத்தன நாள் என்ன புடுங்கினன்னு என்னத்தான் கேப்பாங்க" என்றார் துணி கட்டச் சொன்ன வட்டார அதிகாரி.

மறுநாள் வந்த குழுத் தலைவர் விசிறி முன் நின்று, "ஊட்டி மாதிரி இருக்கே!" என்றார்.

"சார், மழைல ஒழுகும் சார்" என்றார் டீச்சர்.

தலைவர் அண்ணாந்து பார்த்தார். "எங்கம்மா?"

டீச்சர் துணியை இழுக்கக் கை நீட்டினார். "ஐயா, இளநீ வெட்டியாச்சு" என்றார் அதிகாரி. எல்லோரும் வெளியே போனார்கள்.

வரைவறிக்கையில் டீச்சர் சொன்னதைச் சேர்த்திருந்தேன். தலைவர் பேனாவால் அடித்தார். "நான்தான் பாத்தேனே, சொட்டுத் தண்ணி இல்ல."

"ஏப்ரல்ல எங்கேர்ந்துங்க தண்ணி வரும்?" என்றார் எதிர்க்கட்சி உறுப்பினர்.

"அப்ப மழைக்காலத்துல இன்னொரு டூர் போட்டுடலாம். அதுவரைக்கும் வாடகையே போதும்." டூர் என்றதும் கட்சி பேதமின்றித் தலையாட்டினார்கள்.

டிசம்பர் பாதியில் தேதி குறித்தார்கள். அன்று காலை கனமழை. பல்லாவரத்தில் முழங்கால் அளவு தண்ணீராம். உறுப்பினர்களின் கார்கள் வர முடியாது. "மழை காரணமாக ஆய்வு ஒத்திவைக்கப்படுகிறது" என்று உத்தரவு வந்தது. டீச்சருக்கு நான்தான் போனில் சொன்னேன்.

"பசங்கள அனுப்பிட்டேன் சார். அம்மாங்க வந்து என்னைத் திட்டிட்டுப் போறாங்க. குழு எப்ப வரும்?"

"மழை விட்டதும்."

"பட்ஜெட்டுக்கு முன்னாடி இன்னொரு மழை வராது சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மழை வரவில்லை. குழு பிப்ரவரியில் போனது.