பல்பொடி தின்ற சுவர்

போன ஞாயிற்றுக்கிழமை பாலக்கரையில், ஒரு பல்பொடி விளம்பரத்தின் முன்னால் நின்று என் தோழி செலின் அழுதாள்.

பல் வலியா என்று கேட்காதீர்கள்... விஷயம் அந்தச் சுவரைப் பற்றியது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனாலோ என்னவோ, கண்ணில் படும் எழுத்தையெல்லாம் படித்துவிடுவேன். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால் பாலக்கரை வருவதற்குள் எத்தனை சுவர்! சோப்பு வாங்கு, பீடி பிடி, ஓட்டுப் போடு... என்னிடம் எதுவும் கேட்காத சுவர் ஒன்றுகூட இல்லை.

ஒன்று இருந்தது. பாலக்கரை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, பூட்டிக் கிடக்கும் கோடவுனின் சுவர்.

செலின் காலைப் பூசை முடிந்து வரும் வழியில், கரித்துண்டாலும் செங்கல் துண்டாலும் அதில் ஒரு படம் வரைந்திருந்தாள். ஸ்டாப்பில் நிற்காமல் ஓடுகிற பஸ். பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு துரத்துகிற கூட்டம். அவ்வளவுதான். ஆனால் கூட்டத்தில் இருந்தது யார் தெரியுமா? தினமும் அங்கே நிற்கிற நாங்கள்தான்!

"எம் மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?" என்று பூ விற்கிற செல்லம்மாக்கா சண்டைக்கு வந்தாள்.

"குறைச்சுத்தான் போட்டிருக்கு, விடுக்கா" என்றார் சைக்கிள் கடை தாவூத் பாய்.

செலினுக்கு கும்பகோணம் போய் ஓவியம் படிக்க ஆசை. அவள் அப்பாவுக்கோ, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவருக்கு, அது ஒரு படிப்பே இல்லை. ஆனால் இந்தச் சுவரைப் பற்றி ஒர்க்‌ஷாப்பிலேயே நாலு பேர் பேசிவிட்டார்கள். மனிதர் கொஞ்சம் இறங்கி வந்தார். "ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வந்து பார்க்கிறேன். அப்புறம் சொல்றேன்" என்றார்.

செலினை விடப் பாய்க்குத்தான் பதற்றம். ஞாயிறு வரை படம் தாங்க வேண்டுமே! நீல பெயிண்டை எடுத்து, படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ரிசர்வ்டு' என்று எழுதிவிட்டார். நம் ஊரில் ஜென்ம விரோதிகளான கட்சிக்காரர்கள்கூட அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்படுவார்களே!

சனிக்கிழமை, சுண்ணாம்பு வாளியோடு பல்பொடிக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். கோடவுன்காரர் சம்மதம் அவர்கள் பையில் இருந்தது. சும்மா வெள்ளையடித்துத் தருகிறார்கள் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அங்கே நடந்ததைப் பாய்தான் எங்களிடம் சொன்னார்.

"ரிசர்வ்டுன்னு எழுதியிருக்குல்ல, கண்ணு தெரியலையா?"

"தெரியுது பாய். எந்தக் கட்சி?"

"கட்சி இல்லப்பா. படம்."

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனியும் இல்ல..."

"அப்ப பேரு? பேரு போட்டாத்தானே பாய் ரிசர்வ்? யாரு வரைஞ்சது, சொல்லுங்க."

கல்யாணமாகாத பெண்ணின் பெயரைப் பாய் நடுத்தெருவில் எப்படிச் சொல்வார்? செலினும் இதே பயத்தில்தான் படத்தில் பெயர் போடவில்லை. பல்பொடிக்கு அந்தப் பயம் கிடையாது. தன் பெயரை ஆள் உயரத்துக்குப் போட்டுக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை செலினின் அப்பா வந்தார். வெள்ளைச் சுவரில் ஒரு குழந்தை, எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் விடவில்லை. பஸ் இங்கே, கூட்டம் இங்கே என்று நான் கை காட்டினேன். பாய் கையைத் தூக்கிக்கொண்டு ஓடியே காட்டினார். செல்லம்மாக்கா, "எம் மூக்கைக்கூட விடலைங்க, அச்சு அசல்!" என்றாள்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை.

"நீங்க எல்லாரும் சொல்றீங்க, நம்புறேன். ஆனா ஒரு வாளி சுண்ணாம்புக்குத் தாங்காததுக்கா வருஷக்கணக்குல படிப்பு?"

செலின் அழுதது அப்போதுதான்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். எங்களைச் சிரிக்க வைத்த படத்துக்கு அந்தச் சுவரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைகூட இடம் இல்லை. பல்பொடிக்கு, அடுத்த மழை வரைக்கும் இடம் இருக்கிறது. யார் அழகு என்று சுவர் பார்ப்பதில்லை... யார் பெயர் என்றுதான் பார்க்கிறது.

திங்கட்கிழமையே செலினை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார் அவள் அப்பா. அந்த விலாசம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்கிறீர்கள்?

பக்கத்துச் சுவரில் எழுதியிருந்தது.